மாப்ள ஆடின கோவா சீட்டு

கோவாவுக்குப் போயிக் கடல்ல காலை நனைக்காமத் திரும்புன மனுசன் ஒன்னையத் தவிர இன்னொருத்தன் இருந்தாக் காட்டு மாப்ள, அவனுக்கும் சேத்து மாலை போட்டு மேளம் வைக்கிறேன். வெயில் படலை, காத்துப் படலை, மீன் கொழம்புகூடத் தின்னலை. கேட்டா, "போக்கர் ஆடப் போனேன் மாமா, ஊர் சுத்தவா போனேன்"ங்கிற. சரி, தொழிலுக்குப் போனவன்கிட்டத் தொழிலைப் பத்தித்தான் பேசணும். திண்ணையில இப்படி உக்காரு, ரெண்டு புத்திமதி சொல்றேன். ஓசிதான். சீட்டுப் போட்ட பிள்ளைக்கு நீ குடுத்த டிப்ஸைக்கூட நான் கேக்க மாட்டேன்.

மொதல்ல அந்தக் கப்பல். பணஜியில மாண்டவி ஆத்துல நங்கூரம் போட்டு நிக்குது. அது எங்கயும் போகாது, போறது பூராம் அதுல ஏறுனவன் காசுதான். 1976ல போட்ட சூதாட்டச் சட்டத்தை கோவாக்காரன் 1992ல கொஞ்சம் தளத்துனான், அஞ்சு நட்சத்திர ஹோட்டல்ல மிஷின் வச்சு ஆடலாம்னு. 1996ல இன்னும் கொஞ்சம் தளத்துனான், கரையை விட்டுத் தள்ளி நிக்கிற கப்பல்ல ஆளு உக்காந்தே சீட்டுப் போட்டு ஆடலாம்னு. தள்ளின்னா எம்புட்டுத் தள்ளி? கரையில நின்னு கூப்பிட்டாக் கேக்கும். அந்தத் தூரத்துக்கு ஒரு படகு வச்சு ஒன்னைய ஏத்தி விட்டுருக்கான். வெளிநாடு போறாப்புல இருந்துச்சுன்னு சொன்னயே, அது சரிதான். உள்ளூர்க்காரன் அங்க ஆடப் போகக் கூடாதுன்னு 2020 பிப்ரவரியிலயே கோவா சர்க்கார் தடை போட்டிருச்சு. ஹோட்டல் மொதலாளி தன் பிள்ளைக்கு மட்டும் வீட்டுல இருந்து தூக்குச்சட்டியில சோறு கொண்டுவரச் சொன்னா, இலையில உக்காந்திருக்கவனுக்கு வெளங்கணுமா வேண்டாமா? ஒனக்கு வெளங்கலை. ஒனக்கு இலை போட்டதே பெருமையாப் போச்சு.

நம்ம புளியமரத்தடியில மங்காத்தா ஆடினா போலீஸ் ஜீப் வரும். அங்க அதே உள்ளே வெளியேயை அந்தர் பாகர்னு பேரு வச்சு, கோட்டுப் போட்ட பிள்ளை சீட்டைப் போடுது. நீ அந்தப் பக்கமே திரும்பலையாம். "அது அதிர்ஷ்டம் மாமா, நான் ஆடுறது மூளை." நான் மறுக்கலை. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம்னு நம்ம சர்க்கார் பட்டியல் போட்டது செல்லாதுன்னு மெட்ராஸ் ஐகோர்ட்டே 2023 நவம்பர்ல சொல்லிருச்சு. கையில ரெண்டு சீட்டு, நடுவுல அஞ்சு சீட்டு, எதுத்தாப்புல கப்பல்காரன் கெடையாது, ஒன்னையப் போல எட்டுப் பேரு. மூளை இருக்கவன் மூளை இல்லாதவன்கிட்ட இருந்து பணத்தை வாங்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனா மாப்ள, அந்த எட்டுப் பேரும் மூளையை ஊர்லயே வச்சுட்டு வந்திருக்கான்னு ஒனக்கு யாரு சொன்னா? அதுலயும் அந்தக் கண்ணாடி போட்ட பெரியவர், பேசாம இருந்தார், பால் இல்லாத டீயே குடிச்சார், அவரைத்தான் நீ "பாவம், ஆடத் தெரியாது"ன்னு சொன்ன. அவரும் தம் மருமகன்கிட்ட ஒன்னையப் பத்தி என்னமோ சொல்லியிருப்பாருல்ல?

கப்பல்காரன் ஆடலைன்னதும் அவனைத் தர்மவான்னு நெனச்சுட்ட. நடுவுல சேருற காசுல நூத்துக்கு இத்தனைன்னு ஒவ்வொரு கையிலயும் கமிஷன் எடுக்குறான். ஒரு பேச்சுக்குக் கைக்கு 500 ரூவான்னு வச்சுக்க. மணிக்கு 25 கை ஓடும். மணிக்கு 12,500. பத்து மணி நேரத்துல ஒண்ணேகால் லட்சம். ஒம்பது பேருக்குப் பிரிச்சாத் தலைக்குப் பதினாலாயிரம் கிட்ட வரும். அந்த மேஜையில பணம் வேற எங்கயிருந்தும் மொளைக்காது, ஒம்பது பேரு மடியில கொண்டுவந்ததுதான். அதுல ஒண்ணேகால் லட்சத்தைக் கப்பல்காரன் வழிச்சுட்டுப் போன பெறகு மிச்சத்துக்குத்தான் நீங்க ஒம்பது மூளையும் மல்லுக்கட்டுறீங்க. சீட்டே தொடாம, பிளஃபே அடிக்காம, ராத்திரி பூராம் தோக்காத ஆட்டக்காரன் அவன் ஒருத்தன்தான். மூளைன்னா அதுக்குத்தான் பேரு.

அடுத்து ஒன் சோகக்கதை. ரெண்டு ஆஸ் வந்துச்சு, இருந்ததைப் பூராம் தள்ளி விட்ட, எதிராளி ரெண்டு ராஜாவோட வந்தான், கடைசிச் சீட்டுல மூணாவது ராஜா விழுந்துச்சு. இதை டீக்கடையில சொல்லிட்ட, சலூன்ல சொல்லிட்ட, பஸ்ல பக்கத்து சீட்டுல இருந்த பாட்டிகிட்டயும் சொல்லியிருப்ப. நான் ஒண்ணு கேக்குறேன். ரெண்டு ஆஸுங்கிறது 221 கைக்கு ஒரு தடவைதான் வரும். மணிக்கு 25 கைன்னா ஒம்பது மணி நேரம் குத்தவச்சாத்தான் அதோட முகத்தைப் பாக்கலாம். அப்படி வந்த ஆஸு, ரெண்டு ராஜாகிட்ட நூத்துல பதினெட்டுத் தடவை தோக்கும். நீ படிச்ச கணக்குத்தான், நான் கண்டுபிடிக்கலை. அந்தப் பதினெட்டை யாருக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கான்? பக்கத்துத் தெருக்காரனுக்கா? மிச்சம் எம்பத்திரெண்டுலயும் நீ ஜெயிக்கிறப்ப, ராஜா வச்சிருந்தவன் ஊர்ல போயி யாருகிட்ட அழுதான்னு என்னைக்காவது விசாரிச்சியா? அதுக்குப் பேரு "நான் நல்லா ஆடுனேன்". இதுக்குப் பேரு மட்டும் துரதிர்ஷ்டம்.

ஆஸு தோத்ததைக்கூட மன்னிச்சிரலாம். பத்தும் ரெண்டும் வச்சு ஆடுனயே, அது என்ன வேண்டுதல்? டாய்ல் பிரன்சன்னு ஒரு டெக்சாஸ் பெரியவர் 1976லயும் 1977லயும் அந்தப் பத்தும் ரெண்டும் கையில இருந்த கடைசிக் கையிலதான் உலகப் பட்டம் ஜெயிச்சாராம். அந்தக் கைக்கே இன்னைக்கு அவரு பேருதான். சந்தோசம். ஆனா அது ரெண்டு வருசத்துல ரெண்டு கை மாப்ள. நீ ஒரே ராத்திரியில அதை எத்தனை தடவை தூக்கிட்டு வந்த? இன்னொண்ணு, அவரு பட்டம் ஜெயிச்சது போட்டி. போட்டியில சிப்ஸ் தீந்தா, எந்திரி, வீட்டுக்குப் போன்னு அவனே அனுப்பி வச்சுருவான். நீ ஆடுனது கேஷ் கேம். சிப்ஸ்னா ரூவா, ரூவான்னா சிப்ஸ். எப்ப வேணா உக்காரலாம், எப்ப வேணா எந்திரிக்கலாம், தீந்தா இன்னும் வாங்கலாம். மணியடிச்சு ஆட்டம் முடிஞ்சதுன்னு சொல்ல ஆளு கெடையாது. அந்த மணியை நீயே அடிக்கணும். அந்த ஒரு வேலையைத்தான் நீ எப்படிச் செஞ்சிருக்கன்னு இப்பப் பாப்போம்.

மொத நாள் அறுபதாயிரம் மேலே. ரெண்டாம் நாள் ஒரு லட்சத்து நாப்பதாயிரம் கீழே. மூணாம் நாள் முப்பத்தஞ்சாயிரம் மேலே. "மூணு நாள்ல ரெண்டு நாள் ஜெயிச்சேன் மாமா"ன்னு நெஞ்சை நிமித்துற. நாள் கணக்குல நீதான் ஜெயிச்சிருக்க, அதுல சந்தேகமே இல்லை. ரூவாக் கணக்குலதான் நாப்பத்தஞ்சாயிரம் குறையுது. பஸ்ஸும் ரூமும் சாப்பாடும் அதுல சேரலை, ஏன்னா அதெல்லாம் "டூர் செலவு". கடலையே பாக்காதவனுக்கு என்னடா டூர்?

இப்ப நேரத்தைச் சொல்லு. அறுபது ஜெயிச்ச அன்னைக்கு எம்புட்டு நேரம் ஆடுன? மூணு மணி நேரம். "ஜெயிச்சதைக் காப்பாத்தணும்ல மாமா." ஒண்ணு நாப்பது தோத்த அன்னைக்கு? பதினாலு மணி நேரம். "விட்டதைப் புடிக்கணும்ல மாமா." ஆஹா, இதுதான் மூளை ஆட்டம். மனசு தெளிவா இருக்கு, எதிராளி கோட்டை விடுறான், காசு தானா வருது, அன்னைக்குப் பயந்துகிட்டு மூணு மணி நேரத்துல எந்திரிச்சுட்ட. கண்ணு செவந்து, கோவம் தலைக்கேறி, பத்தும் ரெண்டும் பட்டத்து யானையாத் தெரிஞ்ச அன்னைக்கு, விடிய விடிய உக்காந்துட்ட. ஒன்னோட நல்ல மூளைக்கு மூணு மணி நேரக் கூலி, கெட்ட மூளைக்குப் பதினாலு மணி நேரக் கூலி. இந்தக் கணக்குல குபேரன் ஆடினாலும் கோவணத்தோடதான் படகேறுவான். ஒன்னைய ராஜா கவுக்கலை மாப்ள, நாற்காலிதான் கவுத்துச்சு.

ராத்திரிக்கு என்ன குணம்னு நம்ம சர்க்காருக்கே தெரிஞ்சிருக்கு. காசு வச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டத்துக்கு ராத்திரி 12ல இருந்து காலை 5 வரைக்கும் பூட்டுன்னு 2025ல விதி போட்டுச்சு. கம்பெனிக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க, ஐகோர்ட்டு விதி செல்லும்னுருச்சு. அதே வருசம் ஆகஸ்ட்ல டெல்லிக்காரன் சட்டம் போட்டு அந்தக் கடையையே சாத்திட்டான். அதனாலதானே நீ போனை மடிச்சு வச்சுட்டுக் கப்பலேறுன? ரெண்டாம் நாள் எத்தனை மணிக்கு மேல எறங்குமொகம்னு நீயே சொன்ன. ஒன்னரை மணிக்கு மேல. பாரு, நீ ஓட்டுப் போடாத சர்க்காருக்குக்கூட ஒன்னையப் பத்தி எம்புட்டுத் தெரிஞ்சிருக்கு.

ஊர்ல எல்லாரும் புத்தி சொல்றப்பத் தருமரை இழுப்பாங்க. நான் இழுக்க மாட்டேன். ஒனக்கும் அவருக்கும் பொருத்தமே கெடையாது. அவரு தோத்ததெல்லாம் சுத்தமான தோல்வி. கமிஷன் இல்லை, ஜிஎஸ்டி இல்லை. ஒனக்கு? சிப்ஸ் வாங்கக் குடுக்குற பணத்து மேல 2023 அக்டோபர்ல இருந்து 28 சதவீதம், 2025 செப்டம்பர்ல இருந்து 40 சதவீதம் வரி. அதைக் கப்பல்காரன் எந்த வழியில யாரு தலையில எறக்கினாலும், கப்பலுக்குள்ள இருக்குற தலை ஒங்க தலைதான். இதுபோக, சீட்டாட்டத்துல ஜெயிச்ச காசுக்கு வருமான வரி 30 சதவீதம். ஜெயிச்ச அறுபதையும் முப்பத்தஞ்சையும் காட்டுனா வரி கேப்பான். தோத்த ஒண்ணு நாப்பதை அதுல கழிச்சுக்கன்னு சொன்னா, அதெல்லாம் கழிக்க முடியாதுன்னு சட்டத்தைக் காட்டுவான். நீ எப்படி ஜெயிச்ச நாளை மட்டும் எண்ணுறயோ, அவனும் அப்படியேதான் எண்ணுறான். நாட்டுலயே ஒன் கணக்கை ஏத்துக்குற ஒரே ஆபீஸ் அதுதான்.

இம்புட்டும் சொன்னதும் "இனிமே போக மாட்டேன் மாமா"ன்னு சத்தியம் பண்ண வாயெடுக்கிற. பண்ணாத. சத்தியத்தையும் தோத்துட்டு வருவ. போகணும்னாப் போ. ஆனா கணக்கெழுத நோட்டு ஒண்ணு வாங்கிக்க. ரூவாயை எழுதுறதுக்கு முன்னாடி நேரத்தை எழுது. எத்தனை மணிக்கு உக்காந்தேன், எத்தனை மணிக்கு எந்திரிச்சேன், எந்திரிச்சப்ப ஏன் எந்திரிச்சேன். ரூவாயை அதுக்குப் பக்கத்துல எழுது. கமிஷனு, டிப்ஸு, பஸ்ஸு, ரூமு எல்லாம் அதே பக்கத்துல வரட்டும், டூர் செலவுன்னு தனிப் பக்கம் போடாத. கொண்டுபோற பணத்தைக் கிளம்புறதுக்கு முன்னாடியே எண்ணி வை, ஏடிஎம் கார்டை அத்தைகிட்டக் குடுத்துட்டுப் போ. அவகிட்ட இருந்து திருப்பி வாங்குறதுக்கு எந்த பிளஃபும் செல்லாது, நான் கல்யாணம் ஆன நாள்ல இருந்து பாத்துட்டேன்.

இன்னும் ஒண்ணு. மூணு ராத்திரி ஆடிட்டு "எனக்கு வருது மாமா"ன்னும் சொல்லாத, "எனக்கு வரலை மாமா"ன்னும் சொல்லாத. மூணு ராத்திரியில சேத்தா ஒரு ஐந்நூறு அறுநூறு கை ஆடியிருப்ப. அதுல ஆஸு ரெண்டு மூணு தடவை வந்திருக்கும். அதை வச்சு நீ கெட்டிக்காரனா, கேனையனான்னு எவனும் தீர்ப்புச் சொல்ல முடியாது. நூத்துக்கணக்கான மணி நேரம் நோட்டுல ஏறுன பெறகுதான் அந்தத் தீர்ப்பு வரும். அதுவரைக்கும் ஏத்தம் வந்தா ஆட்டமும் போடாத, எறக்கம் வந்தா ஒப்பாரியும் வைக்காத. ரெண்டும் ஒன் மூஞ்சியில தெரிஞ்சுச்சுன்னா அந்தப் பால் இல்லாத டீக்காரருக்குத்தான் லாபம்.

சரி, இது போதும். வேற ஒரு அவசர விசயம் இருக்கு. ஒன் வீட்டுக்காரி காலையில இருந்து ரெண்டு தடவை எனக்குப் போன் போட்டுட்டா. "கோவாவுல ஆபீஸ் மீட்டிங்கு நல்லா நடந்துச்சாம் மாமா, கையில காசு கெடைச்சிருக்காம், நெசந்தானா?"ன்னு கேக்குறா. மொத நாள் ராத்திரி அறுபதை மட்டும் சொல்லிட்டுத் தூங்கியிருக்க போல. ஜெயிச்சதாச் சொன்னா அடகுல இருக்குற செயினைத் திருப்பக் காசு கேப்பா. தோத்ததாச் சொன்னாக் காரணம் கேப்பா. இந்தா, மூணாவது தடவையும் போன் அடிக்குது. எதைச் சொல்லட்டும், சீக்கிரம் சொல்லுடா. இது ஃபோல்டு பண்ணுற கையி இல்லை.