ஐம்பது பென்ஸ் சூடு

2022 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தில் எல்லோரும் சேர்ந்து எங்களுக்கு ஏழையாக வாழக் கற்றுக்கொடுத்தார்கள். தொலைக்காட்சி, பத்திரிகை, கவுன்சிலின் துண்டுப் பிரசுரம் எல்லாவற்றிலும் ஒரே பாடம். ஆளில்லாத அறையைச் சூடாக்காதீர்கள். கதவைச் சாத்துங்கள், கதவடியில் துணியைச் சுருட்டி வையுங்கள். இருட்டுவதற்கு முன்பே திரைச்சீலையை இழுத்து மூடுங்கள். தடித்த சட்டை ஒன்றைவிட மெல்லிய சட்டை மூன்று நல்லது. சுடுதண்ணீர்ப் பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

1984இல் ஈஸ்ட்ஹாமில் நாங்கள் நாலைந்து பேர் வாழ்ந்த வாழ்க்கையை யாரோ ஒளிந்திருந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு எங்களைப் பார்த்தவர்கள் பரிதாபப்பட்டார்கள். இன்றைக்கு அதையே செய்கிறவர்களைப் பூமியைக் காப்பாற்றுகிறார்கள் என்று பாராட்டுகிறார்கள்.

எங்கள் தெருவிலிருந்தவை சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய வரிசை வீடுகள். செங்கல் சுவரின் நடுவே இடைவெளி கிடையாது. இரட்டைச் சுவர் கட்டும் வழக்கம் 1920களுக்குப் பிறகுதான் பரவியது. யன்னலில் ஒற்றைக் கண்ணாடி, அதுவும் காற்றடித்தால் கடகடக்கும். கூரைக்குக் கீழே வெறும் பலகை. அடைக்காத பழைய புகைபோக்கி ஒன்று அறையின் சூட்டை இரவுபகலாக மேலே உறிஞ்சிக்கொண்டிருந்தது. அந்த வீட்டைச் சூடாக்குவது தெருவைச் சூடாக்குவதற்குச் சமம். ஆகவே வீட்டைச் சூடாக்கும் எண்ணமே எங்களுக்கு வரவில்லை. எங்களைச் சூடாக்கிக்கொள்ளவே காசு போதவில்லை.

மாடிப்படிக்குக் கீழே மீற்றர். அதன் வாயில் ஐம்பது பென்ஸ் நாணயத்தைப் போட்டுத் திருகினால் மின்சாரம் வரும். உண்டியலின் திறப்பு வீட்டுக்காரரிடம். ஒரு நாணயத்துக்கு எவ்வளவு மின்சாரம் என்று மீற்றரைத் திருப்பி வைக்கும் உரிமையும், உரிமை இல்லாவிட்டாலும் வசதியும், அவரிடம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் உண்டியலைக் கழற்ற வருவார். தன் சொந்த வீட்டுக்குள் நின்று எண்ணி முடிக்கும்வரை மேலங்கியைக் கழற்றமாட்டார். அந்த ஒன்றிலேயே எங்கள் அறையின் வெப்பநிலை தெரிந்துவிடும்.

எங்களில் மூத்தவர் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர். எல்லோருக்கும் அவர் மாஸ்ரர்தான். நாணயங்களுக்குப் பொறுப்பும் அவர்தான். இரண்டு கம்பி போட்ட மின்சார ஹீற்றர் ஒன்று இருந்தது. கம்பி ஒன்றுக்கு ஒரு கிலோவாட், அதாவது மணிக்கு ஒரு யூனிற். இரண்டாவது கம்பியைப் போட வேண்டுமென்றால் மாஸ்ரரின் அனுமதி வேண்டும். சோறு வைத்தால் எவ்வளவு போகும், ஒருவர் குளித்தால் எவ்வளவு போகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யாராவது கதைத்தால் உள்ளேயிருந்து குரல் வரும்: “தம்பி, நீர் கதைக்கிற ஒவ்வொரு சொல்லும் காசு!”

1987 ஜனவரியில் தென்கிழக்கு இங்கிலாந்தில் நடுப்பகலிலும் வெப்பநிலை சுழியத்துக்கு மேலே வர மறுத்த நாட்கள் இருந்தன. அப்போது ஒரு மண்ணெண்ணெய் ஹீற்றர் வாங்கினோம். மீற்றரை ஏமாற்றிவிட்டோம் என்று மகிழ்ச்சி. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வரும். அந்தத் தண்ணீர் குளிர்ந்த சுவரில் போய் உட்காரும். சில வாரங்களில் சுவரில் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்தது. பிறகு சப்பாத்தில், பிறகு பெட்டியில் இருந்த கலியாணக் கோட்டில். நாங்கள் சோறு அவிக்கிறதால்தான் இப்படி என்று வீட்டுக்காரர் குற்றஞ்சாட்டினார். அதில் கால்வாசி உண்மை. மிச்ச முக்கால்வாசி அவருடைய சுவர்.

சூடு இலவசமாகக் கிடைத்த ஒரே இடம் ஊர் நூலகம். ரேடியேற்றருக்குப் பக்கத்துக் கதிரைக்குப் போட்டி. கையில் கட்டாயம் ஒரு புத்தகம் இருக்க வேண்டும். பக்கத்தை இடைக்கிடை புரட்டவும் வேண்டும், இல்லாவிட்டால் மேசைக்குப் பின்னாலிருக்கும் பெண்மணி கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். நான் இங்கிலாந்தின் வரலாற்றை ஓரளவு அறிந்தது இப்படித்தான். 2022இல் நாடெங்கும் நூலகங்கள் வாசலில் பலகை வைத்தன: உள்ளே வாருங்கள், சூடாக இருங்கள், தேநீரும் உண்டு, வாசிக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்திலேயே இப்படிச் சொல்லியிருந்தால் பல மன்னர்களின் பெயரை நான் பாடமாக்காமல் தப்பியிருப்பேன்.

1986 கடைசியில் பிரிட்டிஷ் காஸ் தனியார்மயமானது. ‘சிட்’டுக்குச் சொல்லுங்கள் என்று நாடு முழுக்க விளம்பரம். பங்கொன்றின் விலை 135 பென்ஸ். முதல் தவணை 50 பென்ஸ். மாஸ்ரர் விளம்பரத்தை மேலும் கீழும் பார்த்தார். “ஐம்பது பென்ஸைப் பங்கில போட்டால் எப்பவோ ஒருநாள் லாபம் வரும். மீற்றரில போட்டால் இண்டைக்கு இரவு நித்திரை வரும்.” நாங்கள் மீற்றரில் முதலீடு செய்தோம்.

பிறகு நல்ல காலம் வந்தது. கலியாணம், பிள்ளைகள், கடன் போட்டு வாங்கிய சொந்த வீடு. ஒவ்வொரு அறையிலும் வெள்ளை ரேடியேற்றர். குசினிச் சுவரில் பொயிலர். மாதாமாதம் வங்கியிலிருந்து தானாகவே காசு கழிந்தது. ஒரு யூனிற் என்ன விலை என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மாஸ்ரரிடம் பயின்ற எனக்கும் தெரியாது. ஜனவரியில் பிள்ளைகள் அரைக்கைச் சட்டையோடு திரிந்தார்கள், நான் சரத்தோடு. கோட்டில் கறி மணக்கக் கூடாது என்று தாளிக்கும்போது யன்னலை அகலத் திறந்துவிடுவோம். குளிருகிறது என்று சூட்டைக் கூட்டுவோம். வேர்க்கிறது என்று மற்ற யன்னலையும் திறப்போம்.

இந்தக் காலத்தில் வீட்டில் நடந்த ஒரே போர் சுவரிலிருந்த தெர்மோஸ்ராற்றுக்காக. மனைவி 23 பாகையில் வைப்பார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் 18க்கு இறக்குவேன். வரும் விருந்தாளிகள் கெதியாகச் சூடாகட்டும் என்று 30க்கு ஏற்றுவார்கள். அது எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்லும் கருவி, வேகத்தைக் கூட்டாது. 30இல் வைத்தாலும் 20 பாகை வர அதே நேரம்தான் எடுக்கும். வித்தியாசம், அதற்குப் பிறகும் நிற்காது.

2022 ஏப்ரலில் சராசரி வீடொன்றின் மின்சார, எரிவாயுக் கட்டணத்துக்கான உச்சவரம்பு ஆண்டுக்கு 1,971 பவுண் ஆனது. ஓகஸ்டில், ஒக்டோபரிலிருந்து 3,549 என்று அறிவித்தார்கள். அரசு தலையிட்டு அதை 2,500 அளவில் நிறுத்தியது; மின்சாரம் யூனிற் 34 பென்ஸ், எரிவாயு 10.3 பென்ஸ். ஐம்பது பென்ஸ் நாணயத்தால் அந்தப் பழைய ஒற்றைக் கம்பியை ஒன்றரை மணி நேரம்கூட எரிக்க முடியாது.

குசினி மேசைக்கு ஒரு சின்னத் திரை வந்தது. ஸ்மார்ட் மீற்றரின் முகம். குறைவாக எரித்தால் பச்சை, கூடினால் சிவப்பு, ஓரத்தில் இன்றைய செலவு பவுணிலும் பென்ஸிலும். மாஸ்ரர் அதைப் பார்க்கவென்றே வீட்டுக்கு வந்தார். எண்பதை நெருங்கியிருந்தார், காது மட்டும் கொஞ்சம் மந்தம். நிறைய நேரம் உற்றுப் பார்த்தார். “உதைத்தானே நான் வாயால சொன்னனான். அப்ப ஒருத்தரும் கேக்கேல்லை. இப்ப லைற் எரிஞ்சவுடன கேக்கிறியள்.” அந்தக் குளிர்காலத்தில் மாலையில் குறிப்பிட்ட நேரத்துக்கு மின்சாரத்தைக் குறைத்தால் காசு தருகிறோம் என்று ஒரு திட்டமும் வந்தது. பாவிக்காததற்குக் கூலி! மாஸ்ரர் தனக்கு வரவேண்டிய பழைய பாக்கியைக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

பழைய வித்தைகள் எல்லாம் திரும்பி வந்தன என்றாலும், அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். ஈரச் சுவரோடு படுத்து இருமியவர்கள் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். உலக சுகாதார அமைப்பு குளிர்நாட்டு வீடுகளுக்குச் சொல்லும் அளவு 18 பாகை. முதியவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அதற்கு மேலும் வேண்டும். அன்றைக்கு நாங்கள் மிச்சம் பிடித்ததன் விலையை உடம்பு கட்டியது. உடம்பை வருத்தாமல் மிச்சம் பிடிக்கலாம் என்பதை மாஸ்ரரும் அறிந்திருக்கவில்லை.

அந்தப் பாடத்தைச் சொல்லித் தந்தது பொயிலர் பார்க்க வந்த பொடியன். வயது இருபத்தைந்து இருக்கும். ரேடியேற்றருக்குப் போகிற தண்ணீரின் சூட்டை 80 பாகையிலிருந்து 60க்கு இறக்கினான். நான் பதறினேன். அவன் விளங்கப்படுத்தினான். 2005க்குப் பிறகு இங்கே பூட்டுகிற பொயிலர்கள் பெரும்பாலும் ‘கொண்டென்சிங்’ வகை. புகையோடு போகிற நீராவியை உள்ளேயே தண்ணீராக்கி, அப்போது வெளிப்படும் சூட்டையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் வீட்டைச் சுற்றித் திரும்பி வருகிற தண்ணீர் 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். 80இல் அனுப்பினால் சூடாகவே திரும்பும். நீராவி குழாயால் வெளியே போய்விடும். எங்களுடையது தண்ணீர்த் தாங்கி இல்லாத ‘கொம்பி’ என்பதால் இது சுலபம். தாங்கி இருக்கிற வீட்டில் சேமித்த சுடுநீர் 60 பாகைக்குக் குறைந்தால் கிருமி வளரும் என்றும் எச்சரித்தான்.

அறை சூடாகக் கொஞ்சம் நேரம் கூட எடுத்தது. சூடு அதே சூடு. கூரைக்குக் கீழே 270 மில்லிமீற்றர் தடிப்பில் பஞ்சு விரித்தோம். புகைபோக்கியை அடைத்தோம். ரேடியேற்றரை மறைத்து நின்ற சோபாவை நகர்த்தினோம். அதுவரை சோபாவின் முதுகுதான் வீட்டிலேயே சொகுசாக இருந்தது. யன்னலுக்குப் பதிலாகக் குசினியில் உறிஞ்சு விசிறியைப் போட்டோம். 20 பாகையில் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானது. ஒருவரும் நடுங்கவில்லை, கட்டணமும் குறைந்தது. எனக்குத்தான் ஏதோ குறைந்ததுபோல இருந்தது. கஷ்டப்படாமல் மிச்சம் பிடித்தால் மிச்சம் பிடித்த திருப்தி வருவதில்லை.

மாஸ்ரருக்குக் குளிர்காலச் சலுகைப் பணம் வரும். 2024இல் புதிய அரசு அதை மிக வறிய ஓய்வூதியருக்கு மட்டும் என்று சுருக்கியது, அவருக்கு நின்றது. அடுத்த ஆண்டு, வருமானம் 35,000 பவுணுக்கு மேற்படாதவர்களுக்கு என்று தளர்த்தினார்கள், திரும்ப வந்தது. “வீட்டுக்காரர் மாறினாலும் உண்டியல் திறப்பு அவையிட்டத்தான்” என்றார்.

வெப்பப் பம்ப் பூட்டலாமா என்று பார்க்க ஒரு எஞ்சினியர் பிள்ளை வந்தது 2022இன் அதே குளிர்காலத்தில்தான். வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுக்கும், ஒரு யூனிற் மின்சாரத்துக்கு மூன்று யூனிற் சூடு தரும், அரசு 5,000 பவுண் உதவுகிறது என்றார். அந்தத் தொகை அடுத்த ஆண்டு 7,500 ஆனது. மாஸ்ரர் அவருடைய கையேட்டின் பின்புறத்திலேயே கணக்குப் போட்டார். 34ஐ மூன்றால் பிரித்தால் 11.3 பென்ஸ். பொயிலர் நூற்றுக்குத் தொண்ணூறு சூட்டைத் தந்தால் 10.3 பென்ஸ் எரிவாயு 11.4 ஆகிறது. “ஒரு யூனிற்றுக்குப் பென்ஸில பத்தில ஒண்டு லாபம். இதுக்கு வீட்டை உடைக்க வேணுமே?” பிறகு எரிவாயு விலை மின்சாரத்தைவிட வேகமாக இறங்க, அந்தப் பத்தில் ஒன்றும் போய்விட்டது. பூமியின் கணக்கு வேறு என்று அவருக்கும் தெரியும். ஆனால் அதற்கு அவரிடம் வாய்பாடு இல்லை.

அன்றைக்கு எஞ்சினியர் பிள்ளை புறப்படும்போது ஒன்றைக் கடைசியாக வலியுறுத்தினார். இது 45 பாகைத் தண்ணீரில் மெதுவாக ஓடுகிற இயந்திரம். தேவைக்குப் போட்டு, பிறகு நிற்பாட்டுகிற பழக்கம் இதற்குச் சரிவராது. நாள் முழுக்க ஓடவிட வேண்டும். அதுதான் சிக்கனம்.

அதுவரை வாய் திறக்காமல் இருந்த மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“இஞ்சேருங்கோ, கேட்டியளே? நிப்பாட்டவே கூடாதாம். உடன பூட்டச் சொல்லுங்கோ.”