போன பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி? (தேயிலைத் தோட்டப் பதிப்பு)

முதலில், கோபத்தில் போனைச் சுவரில் அடிக்காதீர்கள். "பரிசு விழுந்திருக்கு, வந்த நம்பரைச் சொல்லுங்கக்கா" என்றவனின் அழைப்பும், நீங்கள் வாசித்துக் கொடுத்த ஓடிபியும் அதில்தான் இருக்கின்றன. எதையும் அழிக்காமல் உடனே வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். சிக்னலுக்கு லயத்துக்கு மேலே உள்ள பாறையில் ஏற வேண்டும். அதற்குள் பணம் இரண்டு கணக்குத் தாண்டியிருக்கும். பரவாயில்லை, ஏறுங்கள்.

அடுத்தது பொலிஸ். ஹற்றன் டவுனுக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாது, நாட்சம்பளம் போச்சு. அதையும் நட்டக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்; யாரும் தரப்போவதில்லை, ஆனாலும் கணக்கு ஒழுங்காக இருக்கட்டும். முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. கேட்டுப் பாருங்கள், பின்னால் நிற்கும் வரிசையே முறைக்கும்.

இனி நட்டஈடு. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு: குற்றவாளி என்று தீர்ப்பானவனை, இழந்தவருக்கு நட்டஈடு கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆக வேலை சுலபம். அவனைக் கண்டுபிடியுங்கள், வழக்குப் போட வையுங்கள், தண்டனை வாங்கிக் கொடுங்கள். அதுவரை அவன் காசைச் செலவழிக்காமலிருக்க மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள்.

இதைவிட நல்ல வழி, எழுத்துப்பிழை விடும் திருடனாகப் பார்த்து ஏமாறுவது. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் நியூயோர்க் கணக்கில் கைவைத்தவர்கள் 2 கோடி டொலரை இலங்கைக்கு அனுப்பினார்கள். பெற வேண்டிய அமைப்பின் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்பதை 'ஃபண்டேஷன்' என்று எழுதித் தொலைத்தார்கள். இடையிலிருந்த வங்கிக்குச் சந்தேகம் வந்தது. பணம் திரும்பிப் போனது. அதே திருட்டில் பிலிப்பைன்ஸுக்குப் போன 8 கோடி 10 இலட்சம் டொலரில் பெரும்பகுதி சூதாட்டக் கூடங்களோடு கரைந்தது. மத்திய வங்கியின் அந்த 2 கோடியையே அன்று காப்பாற்றியது திருடனின் ஆங்கிலம்தான். நம்மிடம் வருகிறவன் தமிழில், அதுவும் தேனாகப் பேசுகிறான்.

வங்கி கைவிரித்தால் எழுத்தில் முறையிடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் கொழும்பிலுள்ள நிதித்துறைக் குறைகேள் அதிகாரிக்கு எழுதலாம். ஓடிபியை நீங்களே சொன்னதாக வங்கி சொல்லும். உண்மைதான். யாரிடமும் பகிர வேண்டாம் என்று அந்தக் குறுஞ்செய்தியிலேயே இருந்தது, ஆங்கிலத்தில். வாடிக்கையாளருக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் ஏன் எச்சரிக்கவில்லை என்ற கேள்வியைக் கடிதத்தின் முதல் வரியில் போடுங்கள். பேரம் பேச உங்கள் கையில் இருப்பது அது ஒன்றுதான். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரமாக வையுங்கள்.