கம்பியை நம்பும் கனவான்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரத்திலேயே தலை நரைத்த பெரிய மனிதர்களுள் ஒரு ரகம் உண்டு. கடவுள் ஒருவர் நீங்கலாகக் கண்ணுக்குப் புலப்படாத எதையும் நம்புவதில்லை என்ற வைராக்கியம் உடையவர்கள் அவர்கள். 2007இல் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்து, கூவி விலை கேட்ட வாய்களை அடைத்துப் பொத்தானை அழுத்த வைத்தபோதுகூட, மேஜைக்கடியில் குனிந்து, பெட்டியிலிருந்து ஒரு கம்பி புறப்பட்டுப் போவதைத் தரிசித்த பிறகே மனம் சமாதானம் அடைந்தவர்கள்.

இத்தகைய கனவானின் இல்லத்தில், பாட்டனார் கட்டிய இரண்டடிச் சுண்ணாம்புச் சுவரைத் தாண்ட மாட்டாமல் வைஃபை முற்றத்திலேயே மூர்ச்சையாகி விழுமானால், அவருக்கு உண்டாவது துக்கமல்ல, பரமானந்தம். உடனே வயர்மேனுக்கு ஆள் போகும். 305 மீட்டர் கேட்-6 கேபிள் பெட்டி திண்ணையில் இறங்கியதும், காயைத் தோல் பிளந்து அரிசி பார்க்கும் அதே பாவனையில் நுனியை உரித்து, பேனாக்கத்தியால் செம்பைச் சுரண்டுவார். உள்ளே வெள்ளை தெரிந்தால் அது முலாம் பூசிய அலுமினியம், பெட்டி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். இந்த ஒரு விஷயத்தில் அவருடைய சந்தேகம் சாஸ்திரோக்தமானது என்பதை அவருடைய விரோதிகளும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சுவரில் துளையிடுவதைப் பற்றி விவகாரமில்லை. வயர்மேன் எட்டு இழைகளையும் நீவி, நிறக் கிரமப்படி அடுக்கி, கிரிம்பிங் கருவியில் வைக்கும் தருணத்தில்தான் ஆட்சேபம் கிளம்பும்.

“ஏன் தம்பி, பச்சையும் பச்சைவெள்ளையும் சோடிதான? நடுவுல நீலத்தக் கொண்டாந்து சொருகுற? குடும்பத்தப் பிரிக்காதப்பா.”

“நான் வச்ச சட்டமா மொதலாளி?”

அந்த நடு இரண்டு ஊசிகளும் பழைய தொலைபேசிக் கம்பிக்குப் பரம்பரைப் பாத்தியதையாக வந்தவை என்று விளக்கினால் கனவான் உடனே அடங்கிவிடுவார். பாத்தியதை என்பது அவருக்கு விளங்கும் பாஷை.

பூஜையறை, பத்தாயம் இருக்கும் அறை உட்பட எல்லாச் சுவர்களிலும் சதுரத் துவாரம் முளைத்த பின்னர், வீட்டில் அத்தனை பேர் கையிலும் இருப்பது செல்போன் என்பதும், அதில் இந்தக் கம்பியைச் செருகுவதற்குத் துவாரமே இல்லை என்பதும் வெளியாகும். வேறு வழியின்றி ஒவ்வொரு கம்பியின் முனையிலும் ஒரு வைஃபை பெட்டி மாட்டப்படும். சிக்னல் நிறைந்து வழியும். “பாத்தியா, எல்லாம் கம்பி பண்ற வேலை” என்பார்.

அவருடைய கவனம் இப்போது மலைமேல் இருக்கும் தோட்டத்துப் பங்களாவின்மீது திரும்பியிருக்கிறது. ஒரே இழுப்பில் நூறு மீட்டருக்குமேல் இது போகாது என்று வயர்மேன் கையெடுத்துக் கும்பிட்டாயிற்று.

“சரிப்பா, போடிமெட்டு ரோட்டுல பதினேழு கொண்டை ஊசி வளைவு இருக்குல்ல, வளைவுக்கு ஒரு பெட்டி வச்சா?”