பரிசோதிக்காமலே பரிசோதிப்பது எப்படி?

ஹெபாரினைக் கொஞ்சம் மாற்றி, புது மருந்து என்று அறிவிக்கத் துடிக்கும் இளம் ஆய்வாளரே, உங்கள் அவசரம் புரிகிறது. இதோ சில யோசனைகள்.

முதலில் சரக்கு. ரத்தம் உறையாமல் காக்கும் இந்தச் சர்க்கரைச் சங்கிலி, பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து வருகிறது. எந்த ஊர்ப் பட்டறை, யார் கழுவினார்கள் என்றெல்லாம் கேட்காதீர்கள். கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து சோதனை. ஒன்றே போதும்: செம்மறியாட்டுப் பிளாஸ்மாவில் விடுங்கள், உறையவில்லை என்றால் ஹெபாரின்தான். வீரியத்தை அளக்க அமெரிக்க மருந்துத் தர நூலே 2008-இல் இந்த வழியைத்தான் வைத்திருந்தது. அந்த ஆண்டு தொடக்கத்தில் அங்கே டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்கு, ஹெபாரின் ஏறிய சில நிமிடங்களிலேயே ரத்த அழுத்தம் சரிந்தது, மூச்சு முட்டியது. மரணங்களும் நேர்ந்தன. மருந்துக்குள் இருந்தது மிகைச் சல்ஃபேட் ஏற்றிய காண்ட்ராய்ட்டின். இயற்கையில் இல்லாத பொருள். யாரோ வேலை மெனக்கெட்டுச் செய்தது. ஹெபாரினைவிட மலிவு. ரத்தம் உறைவதையும் ஓரளவு தடுக்கும். ஆகவே உங்கள் ஒற்றைச் சோதனையில் கம்பீரமாகத் தேறியது! உடம்புக்குள் போனதும் பிராடிகைனினை உருவாகவைத்து அழுத்தத்தை வீழ்த்தியது வேறு கதை.

என்.எம்.ஆர். கருவி இருந்தால் உறை போட்டு மூடிவையுங்கள். பொல்லாதது அது. ஹெபாரினின் அசிட்டைல் முகடு 2.04 பி.பி.எம். அருகே நிற்கும், கலப்படம் இருந்தால் 2.15 அருகே இன்னொன்று எட்டிப் பார்க்கும். பார்த்துவிட்டால் அறிக்கையில் எழுதவேண்டி வரும்.

ஹெபாரினேஸ் என்சைம்களைக் கொண்டு சங்கிலியை இரண்டிரண்டு சர்க்கரையாக வெட்டி எண்ணச் சொல்வார்கள். எண்ணுங்கள், அழகாக இருக்கும். அந்தக் கலப்படம் இந்த என்சைம்களுக்கு மசியாது. எனவே வெட்டுப்படாமல் மிஞ்சுவது எதுவானாலும் சத்தமில்லாமல் கழுவி ஊற்றிவிடுங்கள். நிறை நிறமாலையில் சல்ஃபேட் உதிர்ந்தால் அதையும் கண்டுகொள்ள வேண்டாம். மூலக்கூறு எடைக்கு ஒரே எண்ணைக் கொடுங்கள். சங்கிலிகள் நெட்டையும் குட்டையுமாகத்தான் இருக்கும். சராசரி உயரத்தைச் சொல்லி ஊரையே அடையாளம் காட்டும் சாமர்த்தியம் எல்லோருக்கும் வராது.

உங்கள் பொருள் ரத்தத்தை இளக்காது, வேறு நோய்க்கு மட்டும் என்கிறீர்களா? செவுபாரின் என்று ஒன்று உண்டு, மலேரியாவுக்காக முயன்றது. ஆன்டித்ராம்பினைப் பற்றும் ஐந்து சர்க்கரைத் துண்டைப் பெரயோடேட்டால் சிதைத்தார்கள். அதோடு விடாமல், உறைவைத் தடுக்கும் குணம் எவ்வளவு மிச்சம் என்றும் அளந்தார்கள். வீண் வேலை. நீங்கள் சிதைத்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மிச்சத்தை நோயாளி அளந்து சொல்வார்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 2008 ஜூனிலேயே அமெரிக்கத் தர நூல் என்.எம்.ஆர். சோதனையைக் கட்டாயமாக்கிவிட்டது. இந்த வழிகாட்டியை அங்கே எடுத்துப் போகாதீர்கள்.