அப்பாவே வந்துட்டாரே!

குறைந்த முதலீட்டில் நிறைந்த லாபம் தரும் தொழில் எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: தகப்பனாக இருப்பது. ஞாயிற்றுக்கிழமை நாலு தோசை வார்த்தால் போதும். ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா, "ஆம்பளப் பிள்ளை அடுப்படியில நிக்கிறானே" என்று முதலில் கண்கலங்குவாள். பிறகு பெரியப்பா, சித்தி, மதுரை அத்தை என்று வரிசையாகப் போன் போட்டுச் செய்தி வாசிப்பாள். சாயங்காலத்துக்குள் மூன்று மாவட்டங்களில் நான் தியாகி. அந்தத் தோசைக்கு அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, ஆட்டி, உப்புப் போட்டுக் கரைத்து, ராத்திரி பொங்கி வழியாமல் பெரிய பாத்திரத்துக்கு மாற்றி, காலையில் சட்னியும் அரைத்து வைத்தவள் என் மனைவி. அவளைப் பற்றி அந்தப் போன்களில் வருவது ஒரே ஒரு வாக்கியம்தான்: "அவ குடுத்து வச்சவ."

எங்கள் வீட்டில் இரண்டு சம்பளம், இரண்டு பிள்ளைகள். மகள் ஏழாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. மனைவிக்கு வங்கியில் வேலை, எனக்கு இன்சூரன்ஸ் அலுவலகத்தில். பையனுடைய பள்ளிக்கூடம் என் அலுவலகத்துக்கு அடுத்த தெரு. அவளுடைய கிளையோ திருச்சியின் மறுகோடி. ஆனாலும் பையனுக்குக் காய்ச்சல் என்றால் பள்ளியிலிருந்து போன் அவளுக்குத்தான் போகும். அவள் கவுன்ட்டரில் நிற்கும் வரிசையைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வாள். பிறகுதான் நான் அடுத்த தெருவுக்குக் கிளம்புவேன்.

கிளம்பும்போதே மேலாளர் முதுகில் தட்டுவார்: "குடும்பஸ்தன்யா நீங்க! பையனைக் கவனிங்க, ஃபைல் எங்க போயிடப் போகுது?" பள்ளி வாசலில் காவலாளி சல்யூட் அடிப்பார். வகுப்பு ஆசிரியை, "பரவாயில்லையே, அப்பாவே வந்துட்டீங்களே!" என்று பக்கத்து அறை ஆசிரியையையும் கூப்பிட்டுக் காட்டுவார். காய்ச்சல் பையனுக்கு, பூரிப்பு எனக்கு. அதே வேலைக்கு அவள் போனால், அலுவலகத்தில் கேட்பது, "போன வாரம்தானே பர்மிஷன் போட்டீங்க?" பள்ளியில் கேட்பது, "ஏன் மேடம் இவ்வளவு லேட்டு? காலையிலேயே உடம்பு சுடுதான்னு பார்க்கலையா?" வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்பது, "நேத்து ராத்திரி தயிர் குடுத்தியா?" என்னிடம் இதுவரை யாரும் தயிரைப் பற்றி விசாரித்ததில்லை. இத்தனைக்கும் அந்தத் தயிரைக் கொடுத்தது நான்தான்.

ஊர்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். சட்டத்துக்கும் என்னைப் பற்றித் தெரிந்திருக்கிறது. மகப்பேறு சலுகைச் சட்டத்தை 2017இல் திருத்தி, சம்பளத்துடன் கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். நல்ல காரியம். அந்தச் சம்பளத்தை முதலாளிதான் தர வேண்டும் என்பதால், நேர்முகத் தேர்வில் சில புத்திசாலிகள், "கல்யாணம் எப்போ? குழந்தை எப்போ?" என்று பெண்களிடம் ஜாதகம் கேட்கிறார்கள். என்னை வேலைக்கு எடுத்தபோது மோட்டார் சைக்கிள் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். தனியார் அலுவலகத் தகப்பனுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு நாள்கூட இருக்கவில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். தகப்பன் எத்தனை முறை போகலாம் என்று ஒரு வார்த்தை இல்லை. போகமாட்டான் என்பது நாடாளுமன்றம் வரைக்கும் தெரிந்த விஷயம்.

இந்த ஞானத்தோடு இருந்தவனைப் புள்ளிவிவரம் வந்து இடித்தது. தேசிய புள்ளியியல் அலுவலகம் 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு நாளொன்றுக்குப் பெண்கள் 289 நிமிடம் செலவிடுகிறார்கள்; ஆண்கள் 88. 2019இல் இது 299க்கு 97ஆக இருந்தது. பெண்களுக்கு 10 நிமிடம் குறைந்ததே என்று சந்தோஷப்படுவதற்குள், நாங்களும் 9 நிமிடத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டோம். அந்த 88கூட எல்லா ஆண்களுக்குமான சராசரி இல்லை. வீட்டு வேலையில் கை வைத்தவர்களை மட்டும் சேர்த்துப் போட்ட கணக்கு. அப்படிக் கை வைத்தவர்கள் நூற்றுக்கு 27 பேர்தான். 6 வயது ஆனவர்கள் எல்லோரும் ஆய்வில் சேர்த்தி. என் பையன் தண்ணீர் பாட்டிலைத் தானே நிரப்பிக்கொள்கிறான். எங்கள் வீட்டில் ஆண் வர்க்கத்தின் மானத்தைக் காப்பாற்றிவருவது அவன்தான்.

இதைச் சாப்பாட்டு மேஜையில் நான் உரக்க வாசித்திருக்கக் கூடாது. மகள் உடனே ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட ஆரம்பித்துவிட்டாள். அந்த ஆய்வில் விடிகாலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை அரை மணி அரை மணியாகப் பிரித்துக் கேட்பார்கள். ஒரு கட்டத்துக்குள் மூன்று வேலை வரை எழுதலாம். மகளின் நோட்டில், அவள் அம்மாவின் ஐந்தரை மணிக் கட்டத்தில் பால் காய்ச்சுவது, குக்கர் வைப்பது, தம்பியின் டைரியில் கையெழுத்துப் போடுவது என்று மூன்றும் நிரம்பிவிட்டன.

"அரிசி நாளையோட தீருது, எண்ணெயும் இல்லைன்னு யோசிச்சிட்டிருந்தேன். அதையும் எழுது" என்றாள் மனைவி.

"யோசிக்கிறதுக்குக் கட்டம் இல்லைம்மா."

என் ஐந்தரை மணிக் கட்டம்: தூக்கம். ஆறரை: செய்தித்தாள். ஏழரைக்கு வந்ததும் மகள் பேனாவைக் கடித்தாள். "அப்பா, இது யாரு கணக்குல வரும்? சாக்ஸ் எங்கேன்னு கேட்டது நீங்க, தேடி எடுத்தது அம்மா."

"ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதுன்னு போடு" என்றேன். போடவில்லை.

என் முற்போக்கை நிலைநாட்ட வேறு வழியில்லாமல், சென்னை உயர் நீதிமன்றத்தின் 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை எடுத்துவிட்டேன். கணவர் சவூதியில் சம்பாதித்து அனுப்பினார். மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். மனைவியின் உழைப்பும் பணத்துக்குச் சமம், வாங்கிய சொத்தில் அவருக்கும் சரிபாதி உண்டு என்றது நீதிமன்றம். "எவ்வளவு அருமையான தீர்ப்பு!" என்று தலையை ஆட்டினேன்.

வங்கிக்காரியிடம் கணக்கு பேசலாமா? ஒரு நிமிடம் யோசித்தாள். "வீட்டுக் கடன் தவணையில பாதி நான் கட்டறேன். அப்ப பாதி வீடு என்னுது. மீதிப் பாதிக்கு நீங்க கட்டறீங்க. ஆனா சமையல், பிள்ளைங்க படிப்பு, அத்தையோட மாத்திரை எல்லாம் நான்தானே பார்க்கறேன்? தீர்ப்புப்படி அதிலயும் பாதி எனக்கு. ஆக முக்கால் வீடு என்னுது."

"மீதிக் கால்?"

"பால்கனியும் செருப்பு ஸ்டாண்டும் எடுத்துக்குங்க. ஆனா பால்கனியில துணி காயப்போடறது நான்தான். அதை அப்புறம் பேசுவோம்."

சொந்த வீட்டில் வாடகைக்காரனாகும் அபாயம் தெரிந்ததும், ஏதாவது ஒரு பொறுப்பை முழுசாக என்னிடம் கொடுத்துவிடு என்றேன். அவள் கொடுத்தது, பையனுடைய வகுப்பு வாட்ஸ்அப் குழு. பெயரே '2பி மதர்ஸ்'. நாளைக்கு என்ன நிற உடை, எந்த நோட்டு, எவன் பிறந்தநாள், எந்தப் பாடத்தில் தேர்வு என்று ராத்திரி பத்து மணி வரைக்கும் வந்துகொண்டே இருக்கும். அவள் தன் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைச் சேர்க்கச் சொன்னாள்.

சேர்த்த நிமிடத்திலிருந்து மழைதான். "வாவ், முதல் அப்பா!" "வெல்கம் சார்!" "எங்க வீட்டுக்காரருக்கு இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் காட்டப்போறேன்!" கைதட்டல் பொம்மைகள், பூங்கொத்துகள், நெருப்புப் படங்கள். இத்தனை நாளாக அந்தக் குழுவில் தினமும் விழித்துக்கிடந்த என் மனைவிக்கு ஒரு கட்டைவிரல்கூட யாரும் காட்டியதில்லையாம். நான் அத்தனை பேருக்கும் தனித்தனியாகக் கைகூப்பி நன்றி சொல்லி முடித்தபோது ஒன்பதாகிவிட்டது. போனை அவளிடம் பெருமையோடு நீட்டினேன். அவள் விரலால் கைதட்டல்களைத் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். மூன்றாவது பூங்கொத்துக்கும் நாலாவது பூங்கொத்துக்கும் நடுவே வகுப்பு ஆசிரியையின் செய்தி மாட்டிக்கொண்டிருந்தது: நாளைக்கு மஞ்சள் சார்ட் பேப்பர் கட்டாயம்.

ஸ்டேஷனரிக் கடைக்குப் பறந்தேன். கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கியிருந்தார். எனக்கு முன்பே ஒரு அம்மா குனிந்து உள்ளே நுழைந்திருந்தார். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. நேரே பஸ்ஸிலிருந்து வருகிறார் போலிருக்கிறது. அவருக்கும் மஞ்சள் சார்ட்தான்.

"இதையெல்லாம் முன்னாடியே வாங்கி வைக்கக் கூடாதாம்மா? கடை சாத்துற நேரத்துக்கு வந்து நிக்கறீங்களே" என்று அவரைக் கடிந்துகொண்டே திரும்பிய கடைக்காரர் என்னைப் பார்த்ததும் மலர்ந்தார். "அப்பாவே வந்துட்டாரு பாருங்க! வாங்க சார், பிள்ளைங்க மேல எவ்வளவு அக்கறை!" இருந்தது ஒரே ஒரு மஞ்சள் சார்ட். அதைச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, என் கையில் கொடுத்தார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். சார்ட்டைப் பார்த்தார். "சார், பசங்களுக்குப் பாதி போதும்" என்று சொல்லிவிட்டு, மேஜையிலிருந்த கத்திரிக்கோலை எடுத்தார். நான் தலையாட்டி முடிப்பதற்குள் ஸ்கேல்கூட வைக்காமல் நேர்கோடாக வெட்டி, தன் பங்குக் காசை வைத்துவிட்டு, ஷட்டருக்குக் கீழே குனிந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பாதிச் சார்ட்டை மனைவியிடம் நீட்டினேன். அவள் அதை விரித்து, திருப்பி, என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கல்யாணமானதிலிருந்து இப்பத்தாங்க ஒரு வேலையில சரிபாதி செஞ்சிருக்கீங்க" என்றாள்.