எலும்பு மாவும் எலும்பு வேதனையும்

யாழ்ப்பாண நூலகம் எரிந்து மூன்று மாதம் கழித்து, 1981 செப்டெம்பரில், நான் மொஸ்கோவுக்கு விமானம் ஏறினேன். விண்ணப்பித்தது வைத்தியத்துக்கு. கிடைத்தது மிருக வைத்தியம். பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலில் அடிபட்டு வீட்டில் குந்தியிருந்த பெடியனுக்கு அந்த முன்னொட்டு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அம்மாவும் அயலில் “தம்பி டொக்டருக்குப் படிக்கப் போறான்” என்றே சொல்லிவந்தார். அது பொய்யில்லை, கொஞ்சம் சுருக்கிச் சொன்ன உண்மை. வண்ணார்பண்ணையில் எங்கள் வீட்டுக்கும் மாட்டுக்கும் அன்று இருந்த ஒரே உறவு காலையில் வாசலுக்கு வரும் போத்தல் பால்.

முதல் நாள் அலுவலகத்தில் ஒரு அம்மையார் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு “ஃபமீலியா?” என்றார். எனக்கு விளங்கிய முதல் ரஷ்யச் சொல் என்று மகிழ்ந்து, அப்பா, அம்மா, ஒரு தம்பி, இரண்டு தங்கச்சி என்று விரலை மடக்கிக் காட்டினேன். அவர் கேட்டது குடும்பப் பெயரை. நமக்கு அது ஏது? அப்பாவின் பெயரைச் சொன்னேன். அங்கே அப்பாவின் பெயருக்கும் தனிக் கட்டம் இருந்தது. தகப்பன் பெயரைச் சுமந்து திரிவதில் ரஷ்யரும் தமிழரும் ஒரு சாதி என்று அன்று கண்டுகொண்டேன்.

பாடங்களுக்கு முன் ஒரு வருடம் மொழி மட்டும். ‘பொட்ஃபாக்’ என்று சொல்லும் ஆயத்த வகுப்பு. ரஷ்ய மொழியில் ஆறு வேற்றுமை என்றார்கள். எட்டு வேற்றுமையில் பிறந்து வளர்ந்தவனை ஆறு என்ன செய்துவிடும் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். இரண்டு வாரத்தில் நெஞ்சு பழைய இடத்துக்கே வந்தது. தமிழில் மாட்டுக்குப் போடும் உருபையே மேசைக்கும் போட்டுவிடலாம், இரண்டும் அஃறிணை. ரஷ்ய இலக்கணத்தில் காளை மனிதனோடு நிற்கும், மேசை தனியாக நிற்கும். இரண்டாம் வேற்றுமையில் உயிருள்ளதற்கு ஒரு முடிவு, உயிரற்றதற்கு வேறொரு முடிவு. காளை செத்து வெட்டு மேசையில் கிடந்தாலும் ‘காளை’ என்று சொல்லும்வரை இலக்கணத்தில் அதற்கு உயிருண்டு. ‘பிரேதம்’ என்று சொன்ன கணத்தில்தான் அது சாகும். பின்னால் எத்தனையோ மாடுகளின் மரணத்தை உறுதிசெய்திருக்கிறேன். இவ்வளவு துல்லியமான வரையறையை வேறெங்கும் கண்டதில்லை.

வாசிப்புக்கு துர்கேனெவின் ‘முமு’ கதையைத் தந்தார்கள். தலைப்பைப் பார்த்ததும் பசு மாட்டுக் கதை, நம் துறைக்கு ஏற்றது என்று நம்பிக்கையோடு தொடங்கினேன். ஆறு பக்கம் கடந்தும் பசு வரவில்லை. முமு என்பது ஒரு நாய்க்குட்டி, கடைசியில் அதை ஆற்றில் மூழ்கடிக்கிறார்கள் என்று தெரிந்தபோது, அழுவதா அகராதியை எறிவதா என்று தெரியவில்லை.

குளிர்காலத்தில் வயிற்றுவலி வந்தது. ரஷ்ய மொழியில் வயிறு ‘ஷிவோத்’, மிருகம் ‘ஷிவோத்னயே’. அவசரத்தில் மூன்று எழுத்துக் கூடிவிட்டது. “எனக்கு மிருகம் நோகிறது” என்று தாதியிடம் முறையிட்டேன். அவர் என் மாணவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். படிக்கும் துறையைக் கண்டதும் முகத்தில் தெளிவு வந்தது. “மிருகத்தை இங்கே கொண்டுவரக் கூடாது மகனே” என்றார்.

அடுத்த ஐந்து வருடமும் கூஸ்மின்கியில், ஸ்க்ரியாபின் பெயரைத் தாங்கிய மிருக வைத்திய அக்கடமியில். ஸ்க்ரியாபின் ஒட்டுண்ணிப் புழுக்களை ஆராய்ந்து புகழ்பெற்றவர். அக்கடமி இருக்கும் வீதிக்கும் அவர் பெயர்தான். புழுவை ஆராய்ந்தவருக்கு நம் ஊரில் ஒரு ஒழுங்கையாவது கிடைக்குமா?

உடற்கூற்றுப் பாடத்தில் பெயர்களெல்லாம் லத்தீன். அதுதான் ஆறுதல் என்றிருந்தேன். ஆனால் ரஷ்ய மொழியில் ‘ஹ’ கிடையாது, வருமிடத்தில் ‘க’ போட்டுவிடுவார்கள். ஹோர்மோன் ‘கர்மோன்’ ஆகும். ஹைஜீன் ‘கிகியேனா’ ஆகும். முதல் நாள் கால அட்டவணையில் ‘கிகியேனா’வைக் கண்டு, ஆபிரிக்க விலங்கு ஏதோ ஒன்றைப் பற்றிய பாடம் என்று நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ‘ஹ’ சொல்லத் தெரியாதவன் என்று பள்ளிக்கூடத்தில் என் காதைத் திருகிய ஆங்கில வாத்தியாரை அன்று மனதாரத் தேடினேன்.

தீவனப் பாடத்தில்தான் பெரிய விபத்து. ‘முகா’ என்ற சொல்லில் கடைசி அசையை அழுத்தினால் மாவு, முதல் அசையை அழுத்தினால் வேதனை. வாய்மொழிப் பரீட்சையில் சீட்டு எடுத்தேன். கறவை மாட்டுக்குக் கல்சியம் எப்படிக் கொடுப்பது என்று கேள்வி. எலும்பு மாவு என்பதுதான் விடை, அதை ராத்திரி முழுக்கப் பாடமாக்கியிருந்தேன். “மாட்டுக்குத் தினமும் எலும்பு வேதனை கொடுக்க வேண்டும்” என்று கணீரென்று சொன்னேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எத்தனை கிராம்?” என்றார். அளவைச் சரியாகச் சொன்னதால் ஐந்துக்கு நாலு போட்டார்.

அந்தப் பரீட்சைக்குப் போகும்போது விடுதி வாசலில் இருந்த கிழவி “தூவியும் வேண்டாம், இறகும் வேண்டாம்” என்று வாழ்த்தினார். கோழி வளர்ப்பில் கேள்வி வருமோ என்று கலங்கிப்போய் “நன்றி” என்றேன். கிழவி தலையில் கை வைத்தார். வேட்டைக்குப் போகிறவனுக்குக் கண்ணூறு படாமலிருக்கச் சொல்வதாம் அது. அதற்கு “பிசாசிடம் போ” என்று பதில் சொல்ல வேண்டும், நன்றி சொன்னால் பலிக்காது. பெரியவர்களைப் பிசாசிடம் போகச் சொல்ல எனக்கு நாக்கு வர மூன்று வருடம் பிடித்தது. அதற்குள் அந்த நாட்டில் மூன்று தலைவர்கள் அடுத்தடுத்துக் காலமாகியிருந்தார்கள். முதலாமவர் போனபோது தொலைக்காட்சியில் ‘அன்னப் பறவை ஏரி’ பாலே ஓடியது. அந்த வருடம் நான் எங்கும் கண்ட ஒரே பறவையியல் அதுதான். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வீட்டுக் கடிதம் வராத வாரங்களில் எந்த மொழிப் பாடமும் மண்டையில் ஏறவில்லை. அதை இங்கே நீட்டவில்லை.

கோடையில் கூட்டுப் பண்ணையில் செய்முறைப் பயிற்சி. அங்கிருந்த வயதான வைத்தியர் என்னை மாட்டுக்குக் கிட்டவே விடவில்லை. “முதலில் பால் கறக்கும் பெண்ணிடம் ஐந்து கேள்வி கேள். தடுக்காமல் கேட்டால் மாட்டைத் தொடலாம்” என்றார். கடைசியாக எப்போது சாப்பிட்டது? அசை போடுகிறதா? சாணம் எப்படி? பால் எவ்வளவு? எத்தனை மாதச் சினை? மூன்று நாள் அந்த ஐந்தையும் செபமாலை மாதிரி உருட்டினேன். நாலாம் நாள் கேட்டேன். அவள் மூச்சு விடாமல் பத்து நிமிடம் பதில் சொன்னாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. கிழவரிடம் சொன்னேன். “கேள்வி உன் பாடம், பதில் அவள் பாடம். அதைப் படிக்க அவளோடுதான் இருக்க வேண்டும்” என்றார்.

1987இல் நீல மட்டை டிப்ளோமாவோடு ஊர் திரும்பினேன். மொஸ்கோவில் ‘பெருங்கொம்புக் கால்நடைகளின் கொள்ளைநோய்’ என்று நீட்டி முழக்கிப் படித்த ஒரு நோய் இருந்தது. வாழ்நாளில் கண்ணால் காணப்போவதில்லை என்று நம்பித்தான் படித்தேன். நம் நாட்டில் பல பத்தாண்டுகளாக அது இல்லை. நான் திரும்பிய அதே வருடம், இந்திய அமைதிப்படைக்கு இறைச்சிக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு அதுவும் வந்து இறங்கியது. தமிழில் வெக்கை நோய். படித்தது வீண் போகவில்லை என்று மகிழக்கூடிய செய்தியா அது?

முதல் தனி அழைப்பு ஒரு கிராமத்து ஆச்சியிடமிருந்து. முந்தின இரவு பசு கன்று போட்டிருந்தது. கையில் ரஷ்யக் கருவிப் பெட்டி, வாயில் ஐந்து கேள்விகள், இந்த முறை தாய்மொழியில். ஆச்சி முந்திக்கொண்டார்.

“தம்பி, இளங்கொடி இன்னும் விழேல்லை.”

நான் நிமிர்ந்து வேலியோரம் இருந்த அவரைப் பந்தலைப் பார்த்தேன். கொடி நன்றாகத்தான் படர்ந்திருந்தது. “விழாது ஆச்சி, பந்தல் உறுதியாத்தான் இருக்குது” என்றேன்.

ஆச்சி என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். “நீர் எந்த ஊரில படிச்சனீர்?” என்றார்.

இளங்கொடி என்றால் பசுவின் நஞ்சுக்கொடி. அதற்கு ரஷ்யப் பெயர் தெரியும், லத்தீன் பெயர் தெரியும், அது தங்கிப்போனால் என்ன செய்வது என்று இருபது பக்கம் எழுதித் தேறியவன் நான். விழுந்த கொடியைப் பழைய ஓலைப் பையில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் ஊரில் பிறந்தும், போத்தல் பால் குடித்து வளர்ந்ததால் அந்தச் சொல் காதில் விழவேயில்லை. தாதியிடம் மிருகம் நோகிறது என்றவனுக்கும் ஆச்சியின் பந்தலைப் பார்த்தவனுக்கும் இடையில் ஆறு வருடமும் ஒரு பட்டமும்தான் வித்தியாசம்.

இப்போது தம்பியின் மகள் மிருக வைத்தியம் படிக்கிறாள். ஜேர்மனியில் பிறந்தவள். அங்கே இந்தப் படிப்புக்கு இடம் பிடிக்கப் பள்ளிப் பெறுபேறு வானத்தைத் தொட வேண்டும். அதனால் புடாபெஸ்டுக்குப் போயிருக்கிறாள். அங்குள்ள மிருக வைத்தியப் பல்கலைக்கழகம் 1978இலிருந்து ஜேர்மன் மொழியிலும், 1989இலிருந்து ஆங்கிலத்திலும் கற்பிக்கிறது. ஆக, ஒரு தமிழ்ப் பிள்ளை ஹங்கேரியில் ஜேர்மன் மொழியில் மாட்டைப் படிக்கிறது. ஆயத்த வருடம் இல்லை, ‘கிகியேனா’ இல்லை, எலும்பு வேதனை இல்லை. வெக்கை நோய்கூட அவளுக்கு வரலாற்றுப் பாடம். 2011இல் அதை உலகத்திலிருந்தே ஒழித்துவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். கொடுத்துவைத்தவள் என்று பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாதம் வாட்ஸ்அப்பில் அழைத்தாள்.

“பெரியப்பா, பாடமெல்லாம் டொய்ச்சில. கிளினிக்குக்கு வாற சனம் மட்டும் ஹங்கேரியன் கதைக்குது.”

“ஃபோன் மொழிபெயர்க்கும்தானே பிள்ளை?”

“ஒரு பாட்டி நாயோட வந்தவ. நான் ஃபோனை நீட்டினன். அவ அதைப் பாத்திட்டு வாயை மூடிட்டா. நாயையும் தூக்கி மடியில வைச்சிட்டா.”

ஹங்கேரிய மொழியில் பதினெட்டு வேற்றுமை என்கிறார்கள். ஆறுக்கே நான் பட்ட பாட்டை அவளிடம் சொல்லவில்லை. பண்ணைக் கிழவரின் ஐந்து கேள்விகளைச் சொன்னேன். அவற்றை முதலில் ஹங்கேரிய மொழியில் பாடமாக்கு, ஃபோனைப் பைக்குள் வை என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“பெரியப்பா, நாய் அசை போடாது. பாலும் கறக்கிறேல்லை.”

“சரி, மூண்டோட துவங்கு.”

இன்று அவளுக்கு ஹங்கேரிய மொழியில் மூன்று கேள்விகள் தெரியும். மாட்டு வகுப்பு அடுத்த பருவத்தில்.