பொருள்: உள்ளூர் அறிவைக் கோப்பில் சேர்ப்பது குறித்து

பெறுநர்: திட்டமிடும் அதிகாரம் உடையோர், புதுச்சேரி அரசு.

உள்ளூர் அறிவு என்பது, வெள்ளம் எந்தப் பக்கம் திரும்பும், எந்த மதகை எப்போது திறக்க வேண்டும், எந்தக் கரையில் மண் நிற்காது என்பன பற்றி ஓர் ஊரார் தலைமுறைகளாகச் சேர்த்துவைத்திருக்கும் தகவல். இதற்குப் படிவம் இல்லை; விலைப்பட்டியல் இல்லை; ஒப்பந்தப்புள்ளி கோரவும் வழியில்லை. திட்ட மதிப்பீடுகளில் இது அரிதாகவே தென்படுவதற்கு இவையே காரணமாகலாம்.

இது கிடைக்கும் இடங்களுள் ஒன்று செல்லிப்பட்டு. அங்கே சங்கராபரணி ஆற்றின் குறுக்கே பிரெஞ்சுக்காரர் காலத்துப் படுகை அணை நூறாண்டுக்கு மேல் நின்று, 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்தது. படுகை அணை ஆற்றை அடைத்துவைப்பதில்லை, சற்றுத் தயங்க வைக்கும்; அந்த நேரத்தில் நீர் மணலுக்குள் இறங்கி இருகரைக் கிணறுகளிலும் ஊறும். அணையில் எங்கே அரிப்பு என்பதை மாடு ஓட்டிப் போகிறவர் கோடையிலேயே பார்த்துவிட முடியும். பொதுப்பணித்துறைக்கு அது வெள்ளம் வந்து, பார்வையிட்டு, அறிக்கை எழுதிய பிறகே தெரிய வரும். இதில் துறையின் குற்றம் ஏதுமில்லை; மாட்டுக்காரரிடம் அலுவலக முத்திரை கிடையாது.

முன்பு நிலைமை இவ்வளவு ஒழுங்காக இல்லை. பிரெஞ்சு ஆட்சியில் சாகுபடியாளர் சங்கங்கள் பொது நிதி திரட்டி ஏரிகளையும் வாய்க்கால்களையும் தாங்களே பராமரித்தன. 1954இல் அந்த ஆட்சி முடிந்த பின் இந்தப் பாரத்தைப் பொதுப்பணித்துறை பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டது. 1999இல் ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் ஏரிகள் சீரமைப்புத் திட்டம் தொடங்கி, 84 ஏரிகளுக்குப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைக்கப்பட்டன. மக்களிடம் கேட்டால் நல்லது என்பதை ஏரிகள் உள்ள பாகூருக்கும் வில்லியனூருக்கும் நினைவூட்ட அவ்வளவு தூரத்திலிருந்து நிதி வர வேண்டியிருந்தது.

உள்ளூர் அறிவு முதல் பாடம் என்றால், மக்கள் பங்கேற்பு இரண்டாம் பாடம். அரசமைப்பின் 11ஆவது அட்டவணை சிறு பாசனத்தையும் நீர் மேலாண்மையையும் ஊராட்சிக்கு உரியனவாகக் குறிக்கிறது. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். அந்த உறுப்பினர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவித்த தேர்தல் இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் நின்றது. ஆகவே கொம்யூன் பஞ்சாயத்தில் கருத்துக் கேட்பவரும் ஆணையர், கருத்தைப் பரிசீலிப்பவரும் ஆணையர். முரண்பாட்டுக்கு இடமே இல்லாத ஏற்பாடு இது.

புதுச்சேரியின் பகுதியான மாஹேயில் இதை இன்னும் தெளிவாகக் காணலாம். அதைச் சூழ்ந்த கேரளத்தில் 1996 முதல் மக்கள் திட்ட இயக்கத்தின் வழியே திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் போனது. எல்லைக்கு இப்பால் உள்ள குடிமகன் அதை வேடிக்கை பார்க்கலாம்.

எனவே, செல்லிப்பட்டு ஆற்றுப்பணிக்கான அடுத்த மதிப்பீட்டில் கையெழுத்திடும் முன், ஆறு வற்றிய ஒரு நாளில், அணை இருந்த இடத்திலேயே ஊர்க்கூட்டம் நடத்துமாறு கோரப்படுகிறது. பந்தல் தேவையில்லை. அங்கே சொல்லப்படுவதை எழுதிக்கொள்ள ஓர் உதவிப் பொறியாளர் வந்தால் போதும். தேநீர்ச் செலவு ஊரார் பொறுப்பு.